சாவியைத் திருப்பியதும் வரும் சத்தம்: காரணம் கண்டறிவதும் சரிசெய்வதும்

சாவியைத் திருப்பியது முதல் என்ஜின் தன் பலத்தில் ஓடத் தொடங்குவது வரை ஆகும் நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடியைத் தாண்டாது. அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு மின்காந்தம் இழுக்கிறது, ஒரு சிறிய பல்சக்கரம் முன்னே பாய்ந்து பெரிய பல்சக்கரத்தைக் கவ்வுகிறது, நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பாய்கிறது, என்ஜின் சுழல்கிறது, ஆயில் மேலேறுகிறது, பெல்ட் இழுபடுகிறது. இவற்றில் எது பிசகினாலும் வண்டி சத்தம் போட்டுத் தெரிவித்துவிடும். பானட்டைத் திறந்ததும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் நாம் தேடத் தொடங்குகிறோம். அதற்கு முன்னால், இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்டுக்கொண்டால் தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னுடைய பழைய ஹேட்ச்பேக் ஒருநாள் காலையில் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவுடனேயே செல்ஃப் (என்ஜினைச் சுழற்றிவிடும் மோட்டார்) போய்விட்டது என்றார்கள், புதிது மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து, மழை பெய்த மறுநாள், அதே "டக்". இந்த முறை வந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் எந்த நட்டையும் கழற்றவில்லை. ஜம்பர் கேபிளில் ஒரு ஒயரை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை என்ஜினின் வெற்று இரும்பிலும் மாட்டிவிட்டு, "இப்ப அடிங்க சார்" என்றார். வண்டி உடனே எடுத்துக்கொண்டது. பேட்டரித் தட்டுக்குக் கீழே, நெகட்டிவை என்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து, நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயருக்கு ஆன செலவு, தேவையில்லாமல் மாற்றிய செல்ஃபின் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை.

கைவைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலிலும், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலும் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். சாவியைத் திருப்ப ஒருவரும் பானட் அருகே கேட்க ஒருவருமாக இரண்டு பேர் இருப்பது அவசியம். உள்ளே உட்கார்ந்தபடி கேட்கும் சத்தத்தை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது. வெளியே நிற்பவர் துண்டு, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு போன்றவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் சாவி அணைந்திருக்கும்போதே சுழலத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

எந்தச் சோதனையானாலும் ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தபின் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். செல்ஃப் மோட்டார் சில வினாடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. விடாமல் அடித்தால் உள்ளே சுருள் கருகிவிடும்.

அந்த இரண்டு வினாடிக்குள் நடப்பது

ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் நம் மெக்கானிக்குகள் செல்ஃப் என்கிறார்கள். அம்பாசிடர் வண்டியின் முன்பக்கம் ஹேண்டில் சொருகிச் சுற்றியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; அந்த வேலையை ஒழித்த மின்சார ஸ்டார்ட்டரை சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் அது வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

சாவியைத் திருப்பியதும் ஒரு சிறிய மின்சாரம் செல்ஃபின் தலையில் சவாரி செய்யும் சொலினாய்டு என்ற மின்காந்தத்துக்குப் போகிறது. சொலினாய்டுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு, ஒரு நெம்புகோல் வழியாக பெண்டிக்ஸ் எனப்படும் சிறிய பல்சக்கரத்தை வெளியே தள்ளி, என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரில் கோக்கிறது. அதே தண்டின் மறுமுனை இரண்டு தாமிர முனைகளை இணைக்கிறது. அப்போதுதான் பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குள் பாய்ந்து அது சுழல்கிறது. என்ஜின் பற்றிக்கொண்டு வேகமெடுத்ததும், பெண்டிக்ஸில் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் நழுவிக்கொடுத்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. சாவியை விட்டதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இழுப்பது, கோப்பது, பாய்வது, சுழல்வது, விலகுவது என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு சத்தத்தையும் அதற்குரிய கட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"டக்", "டக்டக்டக்"

வேகமாக, மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் "டக்டக்டக்" என்று வந்து, டாஷ்போர்டு விளக்குகளும் கூடவே மங்கி மங்கி எரிந்தால், பத்துக்கு ஒன்பது முறை அது பேட்டரியில் சார்ஜ் இல்லாததுதான், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்காததுதான். சொலினாய்டு இழுக்கிறது, பெரிய மின்சாரம் பாய முற்படுகிறது, உடனே பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது, பாரம் நீங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடியும் இழுக்கிறது. இந்தச் சுழற்சிதான் அந்தச் சத்தம். இதில் செல்ஃபின் மேல் குற்றமில்லை.

ஒரே ஒரு கனமான "டக்" வந்து, விளக்குகள் மங்காமல் நன்றாக எரிந்துகொண்டே இருந்தால், சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவில்லை என்று பொருள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தது, கருகிய தாமிர முனைகள், அறுந்த எர்த் ஒயர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். விளக்கு மங்குகிறதா இல்லையா என்பதைச் சாவி திருப்புகிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காசில்லாத சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்ததாக ஒரு மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், எதையும் போடாமல், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இந்த அளவு நன்றாக இருந்தும் பேட்டரி சொத்தையாக இருக்கலாம். ஆகவே மீட்டரை வைத்தபடியே ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு பாரம் தாங்கும் சக்தி போய்விட்டது. நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு உழைத்தாலே அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது அளவு 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவில்லையென்றால், புதுப் பேட்டரி வாங்கினாலும் ஒரு வாரத்தில் அதே சத்தம் திரும்பி வரும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். (பழைய ஆட்கள் இன்னும் அதை டைனமோ என்றே சொல்வார்கள், கடையிலும் அப்படிக் கேட்டால் புரியும். சார்ஜிங்கை வண்டியின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதிய மாடல்களில் இந்த அளவு ஏறி இறங்கும். அங்கே ஒரு முறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.)

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் "டக்" போகவில்லை என்றால் டெர்மினல்களுக்கு வர வேண்டும். பேட்டரி முனையைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ உப்புப்போலப் பொங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். பொங்காமல், கிளாம்ப்புக்கும் முனைக்கும் இடையில் கறுத்த மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதுதான் ஏமாற்றும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றே இருக்கும். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைகிற டெர்மினல் நூறு ஆம்பியரைத் தாங்காது.

சுத்தம் செய்யும் முறை இது. மோதிரத்தையும் உலோகப் பட்டை கட்டிய கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவை முதலில் கழற்றி, பாசிட்டிவை அதன்பின் கழற்ற வேண்டும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலிலும் நெகட்டிவ் கடைசியிலும். வரிசை மாறினால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு அதற்காகவே காத்திருக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் பூசினால் பொங்கிய உப்பு நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிகளின் துளைக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காயவிட்டு, முனையின் வெளிப்பக்கத்தையும் கிளாம்ப்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து ஈயம் மின்னும் வரை கொண்டுவந்து, இறுக்கி, மேலே மட்டும் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கடிகாரமும் ஆட்டோ விண்டோவும் பழைய அமைப்பை மறந்திருக்கும். ஆடியோ சிஸ்டம் சில வண்டிகளில் கோடு கேட்கும். பேட்டரியைக் கழற்றும் முன் அந்தக் கோடு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு நடந்ததுபோல் எர்த் ஒயரில் கோளாறு இருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், மீட்டரால் சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலும், மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வோல்டேஜ் முழுவதும் ஒயரிலேயே வீணாகிறது. அதேபோல் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய ஒயர் மாட்டிய போல்ட்டுக்கும் இடையில் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தச் சோதனையின்போது என்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்க, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை உருவி வைக்கலாம். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி அடித்தாலும் பெட்ரோல் வராது.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் செல்ஃபின் மேல் சந்தேகப்பட வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, மற்றவர் ஸ்பேனரின் கைப்பிடியால் செல்ஃபின் உடம்பில் மெதுவாகத் தட்டினால் வண்டி எடுத்துக்கொள்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தட்டலில் அது ஒரு நூலளவு நகர்ந்து, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைத் தொட்டிருக்கிறது. வீடு வந்து சேர இது உதவும், அதற்கு மேல் நம்பக் கூடாது. முழுச் செல்ஃபை மாற்றுவதற்கு முன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கார்பன், புஷ், சொலினாய்டு ஆகியவற்றை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆர்மேச்சர் கருகாதவரை, பெரும்பாலான செல்ஃப்கள் இப்படி உயிர் பெற்றுவிடும்.

நடுவழியில் நின்றுவிட்டால் ஜம்பர் கேபிள் போடும் வரிசை இது: முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசியாகச் செத்த வண்டியின் என்ஜினில் பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்கும் வெற்று இரும்பு.

"கர்ர்ர்"

பல்லோடு பல் உரசும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓடவில்லை என்று நினைத்து மறுபடியும் செல்ஃப் அடித்தால் வருவதும் இதே சத்தம்தான். அமைதியாக ஓடும் இன்றைய பெட்ரோல் வண்டிகளில், ஏசியும் பாட்டும் போட்டிருக்கும்போது, இது யாருக்கும் நேரக்கூடிய தவறு. ஒருமுறை நேர்ந்ததால் ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் நின்ற வண்டியை எடுக்கும்போதே "கர்ர்ர்" வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். செல்ஃபைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள் தளர்ந்து அது சாய்ந்திருக்கலாம். இறுக்கினாலே முடிந்துவிடும் என்பதால் இதை முதலில் பாருங்கள். பெண்டிக்ஸின் பல் முனைகள் தேய்ந்திருக்கலாம். அல்லது ரிங் கியரில் பல் போயிருக்கலாம். செலவு வைப்பது இதுதான்.

சத்தம் எல்லா நேரமும் வராமல், சில நேரம் மட்டும் வந்தால் ரிங் கியரைத்தான் சந்தேகிக்க வேண்டும். காரணம் சுவாரசியமானது. நான்கு சிலிண்டர் என்ஜின் அணையும்போது, ஏதாவது ஒரு சிலிண்டரின் அழுத்தம் தடுத்து, ஏறத்தாழ எப்போதும் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். மூன்று சிலிண்டர் என்றால் மூன்று இடங்கள். ஆகவே ரிங் கியரில் நூறுக்கும் மேற்பட்ட பற்கள் இருந்தாலும், பெண்டிக்ஸ் வந்து மோதி அடி வாங்குவது அந்த இரண்டு மூன்று இடத்துப் பற்கள் மட்டுமே. அதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. "கர்ர்ர்" என்றதும் சாவியை அணைத்துவிட்டு, மேனுவல் வண்டியை நான்காவது கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, சமதளத்தில் ஓரிரு அடி தள்ளுங்கள். என்ஜின் கொஞ்சம் சுழன்று ரிங் கியரின் வேறு பற்கள் பெண்டிக்ஸுக்கு எதிரே வரும். நியூட்ரலுக்கு வந்து அடித்தால் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது என்றால் ஐயமே வேண்டாம். செல்ஃபைக் கழற்றியபின், கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினை மெதுவாகச் சுழற்றி, செல்ஃப் இருந்த துளை வழியாக டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகவும் பார்க்கலாம்.

ரிங் கியர் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வளையத்தைச் சூடாக்கி விரியவைத்து ஃப்ளைவீலில் பொருத்தும் வேலை லேத்தில் நடக்கும். கூலி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான் என்பதால், கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தேய்ந்த ரிங் கியரில் புதுப் பெண்டிக்ஸை மட்டும் போட்டு ஓட்டினால், அதுவும் சில மாதங்களில் பல் இழக்கும்.

"வீஈஈ" என்று வெறுமனே சுற்றினால்

மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டு என்ஜின் அசையவே இல்லையென்றால், பெண்டிக்ஸ் வெளியே வந்து கோக்கவில்லை, அல்லது அதன் ஒருவழிக் கிளட்ச் இரு பக்கமும் நழுவுகிறது. பெண்டிக்ஸ் தனியாகக் கிடைக்கும். மாற்றும்போது தண்டில் படிந்த கிளட்ச் தூசியையும் இறுகிய கிரீஸையும் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சத்தம் உண்டு. என்ஜின் சுழல்கிறது, ஆனால் வழக்கமான "உர்-உர்-உர்" என்ற ஏற்ற இறக்கம் இல்லாமல், பாரமே இல்லாததுபோல் வேகமாக, ஒரே சீராகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் இது பெல்ட் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள். பல என்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று முட்டும் அமைப்பு இருப்பதால், ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சேதம் கூடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தெரிகிற வண்டிகளில், ஒரே ஒரு கணம் அடித்து அது அசைகிறதா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

என்ஜின் ஓடத் தொடங்கியும் "வீஈஈ" நிற்காமல், சாவியை விட்ட பிறகும் தொடர்ந்தால், சொலினாய்டின் தாமிர முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அல்லது ரிலேயோ சாவிக்குக் கீழே உள்ள ஸ்விட்சோ சிக்கிக்கொண்டது. என்ஜினை அணையுங்கள், அப்போதும் செல்ஃப் சுற்றினால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆக வேண்டும். இந்தக் கோளாறில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சரிசெய்யாமல் ஒருமுறை கூட மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

"கீச்"

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலையில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிட்டு, அரை நிமிடத்தில் அடங்கிவிடும் சத்தம் ஃபேன் பெல்ட்டினுடையது. செல்ஃப் குடித்த சார்ஜைத் திரும்ப நிரப்ப ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில்தான் கடுமையாக உழைக்கிறது. அதைச் சுழற்ற முடியாமல் ஈரப் பெல்ட் புல்லியில் நழுவுகிறது. என்ஜின் ஓடும்போது, ஸ்பிரே பாட்டிலால் தள்ளி நின்று பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலமிழந்திருக்கிறது. சற்று நேரம் அடங்கி மறுபடியும் வந்தால், ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இரண்டுமே இல்லாமல் சத்தம் மாறாமல் உறுமினால் அது பேரிங். அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும், கெட்டது மணல் அரைப்பதுபோல் விரலுக்குத் தெரியும்.

பெல்ட்டில் சோப்புத் தேய்ப்பது, மெழுகு தடவுவது ஆகிய கைவைத்தியங்களை நானும் செய்ததுண்டு. இரண்டு நாள் அமைதி கிடைக்கும். பிறகு அந்தப் பிசின் தூசியைப் பிடித்து, பெல்ட்டைக் கெடுத்து, முன்பைவிடச் சத்தமாகக் கத்தும். பெல்ட்டின் விலை அப்படியொன்றும் பெரிதல்ல.

"சடசட", "டிக்டிக்"

இரவெல்லாம் நின்ற வண்டியில் மட்டும், ஓடத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வினாடிக்கு "சடசட"வென்று வந்து மறைவது, ஆயில் மேலே போய்ச் சேராததால் வருவது. ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. என்ஜின் அணைந்தபின் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் அது தடுக்கும். விலை குறைந்த ஃபில்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரம் கட்டிதட்டிப் போகும். எனவே முதலில் டிப்ஸ்டிக்கை உருவி அளவு பாருங்கள். அளவு சரியென்றால், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் கம்பெனி ஃபில்டரும் மாற்றிவிட்டுக் கேளுங்கள். "கட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும்" என்று சொல்லி 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. காலைக் குளிரில் அந்த ஆயில் மேலேற இன்னும் தாமதமாகும். கேட்கும் சத்தம் வேண்டுமானால் கொஞ்சம் மழுங்கும், தேய்மானம் கூடும்.

ஆயில் மாற்றியபின்னும் சத்தம் போகவில்லை, வினாடிகள் வாரத்துக்கு வாரம் நீள்கின்றன, என்ஜினின் பெல்ட் பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல் வருகிறது என்றால், டைமிங் செயினும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் அதன் டென்ஷனரும் தேய்ந்துவிட்டன. இதைத் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளையக்கூடும்.

குளிர்ந்திருக்கும்போது "டிக்டிக்" என்று அடித்து, சூடானதும் மறையும் சத்தம் சைலன்சர் பக்கமாகக் கேட்டால், எக்ஸாஸ்ட் பாக்கிங்கில் புகை கசிகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடுகிறது. கசிவிடத்தில் கரிக் கோடு படிந்திருக்கும். ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் மட்டும் தகரம் அதிர்ந்தால், சைலன்சர் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கும். வண்டி ஆறியபின் கைமுட்டியால் தட்டினால் அதே சத்தம் வரும். ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கினால் போதும். இதற்காகச் சைலன்சரையே மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

"தடக்" என்று ஒரு குலுக்கலோடு எடுத்து, அதேபோல் குலுங்கி அணைந்தால் என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். கிளட்ச் பெடலை மிதித்ததும் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. மிதித்ததும் மறைகிற சத்தம் கியர்பாக்ஸ் பேரிங்குடையது. டீசல் வண்டியில் சுருள் வடிவ விளக்கு அணையும் முன் அடித்தால் குளிரில் கடகடவென்று உதறி எடுக்கும். ஊட்டி, கொடைக்கானலில் அந்த விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும், பொறுத்தும் உதறினால் குளோ பிளக்கைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் வண்டி நீண்ட நேரம் அடித்தபின் சைலன்சரில் "டமார்" என்றால் எரியாத பெட்ரோல் அங்கே போய்ப் பற்றியிருக்கிறது. பிளக், காயில் பக்கம் பாருங்கள். மழைக்காலத்தில் பானட்டைத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், சூட்டுக்காகப் பூனை உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கும்.

சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி "ம்ம்ம்" என்பது ஃப்யூயல் பம்ப். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் சற்று வேகமாக ஓடி இறங்குவது குளிர்ந்த என்ஜினின் இயல்பு. நகரத் தொடங்கியதும் ஒரு முறை "கிர்" என்பது ஏபிஎஸ் தன்னைச் சோதித்துக்கொள்வது. இவற்றுக்காக யாரிடமும் போக வேண்டியதில்லை.

அடிப்பக்கத்திலிருந்து, சுத்தியலால் கட்டையை அடிப்பதுபோல் கனமாக "டொக் டொக்" என்று வந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடவே வேகமெடுத்து, ஆயில் விளக்கும் அணைய மறுத்தால், அது பிஸ்டனை கிராங்க்‌ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங்காக இருக்கக்கூடும். அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காமல் டோ வண்டி கூப்பிடுங்கள். பேரிங் செட்டோடு முடியக்கூடிய செலவு, அந்தச் சில கிலோமீட்டரில் கிராங்க்‌ஷாஃப்ட் செலவாகிவிடும்.

வீட்டில் தீராத மற்றச் சத்தங்களுக்கு, பானட்டைத் திறந்து வைத்து, சாவி திருப்புவதற்கு முன்னிருந்தே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை மாலையே கொண்டுபோய் விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக் தன் காதாலேயே முதல் ஸ்டார்ட்டைக் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சூடான என்ஜினோடு நீங்கள் போய் நிற்கும்போது அந்தச் சத்தம் வரவே வராது.